பாலம் திறந்திருந்த பதினோரு நிமிடங்கள்

வாரத்தில் ஐந்து நாள் என் வேலை
சாலையை நிறுத்துவது.
ஃப்ரீஸ்லாந்தின் ஒரு கால்வாய்ப் பாலம்.
படகு வந்தால் பொத்தானை அழுத்துவேன்,
மணி அடிக்கும், தடுப்புக்கட்டை இறங்கும்,
தார்ச்சாலை எழுந்து நின்று வானத்தைப் பார்க்கும்.
காத்திருக்கும் முகங்களை
மேலிருந்து இருபத்திரண்டு வருடமாகப் படிக்கிறேன்:
ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறவர்,
மணிக்கட்டைத் தூக்கி
எனக்குக் கடிகாரம் காட்டுகிறவர்.

சனிக்கிழமைகளில் நான்
வீப்ரெனின் உருளைக்கிழங்குக் கிடங்கில்.
மூட்டைகளுக்கு நடுவே நான்கு இத்தாலிய வண்டிகள்,
நான்குக்கும் நான்கு வியாதி.
ஹார்ம்கேயின் லவெர்தா, ஆரஞ்சு நிறம்,
சாய்ந்துவிட்டால் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும்.
யில்டாவின் ஒற்றை சிலிண்டர் டுகாட்டி
மழை வாசனை பட்டாலே பொறி தர மறுக்கும்.
வீப்ரெனின் மொரினிக்கு உதைகட்டை இடப்பக்கம்;
முப்பது வருடம் உதைத்தும்
அவர் வலது கால்தான் இன்னும் முதலில் எழுகிறது.
என்னுடையது குட்ஸி.
நிற்கும்போது முறுக்கினால் வலப்பக்கம் சாயும்,
காது மந்தமானவர் நம் பேச்சுக்குச் சாய்வதுபோல.

வால்வு இடைவெளி பார்க்கும் தகடு
இழுத்தால் வர வேண்டும், ஆனால் உரச வேண்டும்.
"வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுகிற மாதிரி" என்பார் வீப்ரென்.
"எந்த வெண்ணெய், ஃப்ரிட்ஜில் இருந்ததா வெளியே இருந்ததா?"
என்பாள் யில்டா.
இதிலேயே காலை போய்விடும்.

ஏப்ரலில் ஹார்ம்கே கேட்டாள்:
"பழைய கிளட்ச் கேபிளோடு புதுசு ஒன்றையும்
சேர்த்து ஒட்டிவைத்தாயா?"
"வைத்தேன்" என்றேன்.
புதுசு என் சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளோடு சுருண்டு படுத்திருந்தது.

ஜூனில், கடலணையின் அடியில்,
செம்மறிகள் சாலையை விட்டு நகர்ந்த அந்த நொடியில்
இடது கைப்பிடி
தூங்கும் குழந்தையின் கைபோலத் துவண்டது.

கிளட்ச் இல்லாமல் ஓட்டலாம்.
முறுக்கத்தை ஒரு மூச்சளவு தளர்த்தி,
கியர் தானாக ஒப்புக்கொள்ளும் இடம் பார்த்துக்
காலால் கேட்க வேண்டும்.
நிற்பதுதான் முடியாது.
நின்றால் மறுபடி தள்ள ஆள் வேண்டும்,
அல்லது வண்டி முயல்போலத் துள்ளிக் கிளம்பும்.
ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும்
ஒருவர் முந்திப் போய்க் குறுக்கே நின்று கை காட்ட,
பால் லாரிகள் நிற்க,
மந்திரி வண்டிபோல நான் கடந்தேன்.
இதெல்லாம் எனக்கா என்று
வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

பிறகு அந்த மணி.
கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும் மணி.
என் பாலம் இல்லை, அடுத்தது; சீட்ஸெ காவல் இருப்பது.
சிவப்பு விளக்கு. தடுப்புக்கட்டை.
பழுப்புப் பாய்களோடு ஒரு பழைய படகு,
அதற்கு அவசரமே இல்லை.

பக்கத்தில் பீட்ரூட் ஏற்றும் களம்.
இலையுதிர் காலம் வரை வெறும் காங்கிரீட்.
திரும்பினேன். முதல் கியரில்
வட்டம் போட ஆரம்பித்தேன்.

ஹார்ம்கே இறங்கி நின்று பார்த்தாள்.
மூன்றாம் சுற்றில்
என் கைப்பிடியிலிருந்து கீழே போகும்
ஒற்றைக் கறுப்புக் கேபிளைப் பார்த்தாள்.
இரண்டு இருந்திருக்க வேண்டும்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்,
வட்டத்தில் வேறு பக்கம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
லவெர்தாவை எழுப்பி என் பின்னால் சேர்ந்துகொண்டாள்.
பிறகு டப்டப்பென்று டுகாட்டி.
பிறகு, வலது காலைத் தூக்கி, இறக்கி,
இடது காலால் உதைத்து, வீப்ரென்.

படகில் நாயோடு நின்றவர் கத்தினார்,
"இது என்ன சடங்கு?"
யாருக்கும் பதில் தெரியவில்லை.
மேலே கூண்டு ஜன்னலில் சீட்ஸெ
பாதி உடம்பை வெளியே நீட்டி,
பல்லெல்லாம் தெரிய,
மணிக்கட்டைத் தூக்கி எனக்குக் கடிகாரம் காட்டினான்.

சாலை மெல்லப் படுத்தது. கட்டை எழுந்தது.
கார்கள் ஒவ்வொன்றாக எங்களைப் பார்த்தபடியே போயின.
விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகிவிட்டது.
எனக்கு நிற்க வழியில்லை, சரி.
இவர்களுக்கு என்ன வந்தது?